நீங்களே நீதிபதி!

வித்தைக்காரன் தொப்பியிலிருந்து முயலை எடுத்தால் கைதட்டுகிறோம். நம் நெஞ்சில் நினைத்ததை அவன் சொல்லிவிட்டாலோ கைகூப்பி விடுகிறோம்! இரண்டும் செப்படிவித்தையே. முன்னது கண்ணை ஏய்க்கிறது; பின்னது கருத்தையே ஏய்க்கிறது. எங்ஙனம் ஏய்க்கிறது?

1949-ஆம் ஆண்டு, பிரிட்டனின் பி.பி.சி. வானொலியில் புகழ்க்கொடி நாட்டினர் ஆஸ்திரேலியத் தம்பதியரான சிட்னி பிடிங்டனும் லெஸ்லி பிடிங்டனும். கணவர் ஒலிபரப்பு அரங்கிலே. மனைவியோ லண்டன் கோபுரக் கோட்டையிலே! அரங்கில் தேர்ந்தெடுத்த வரியைக் கோட்டையிலிருந்த அம்மையார் கூறினார். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரின் போர்க்கைதியாய் வாடியபோது, உடனிருந்த கைதிகளின் சோர்வு போக்கச் சிட்னி கையாண்ட வித்தை அது.

அவர்தம் திறனை மெச்சுகிறோம். அம்மையார் விடையைப் படபடவென ஒப்புவிக்கவில்லை. தயங்கித் தயங்கி, சொல் சொல்லாய்த் தேடினார். அந்தத் தயக்கமே வித்தையின் உயிர்! மனப்பாடம் தடுமாறாது, உண்மைதான் தடுமாறும் என்று நம்புகிறவர்கள் அன்றோ நாம்! கைதேர்ந்தவன் ஐந்தில் ஒன்றை வேண்டுமென்றே தவறவிடுவதும் இதனாலேதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. "மறவாதிருக்க ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்" என்பான் வித்தைக்காரன். சற்றுப் பொறுத்து, "நீங்கள் மனத்தில் நினைத்தீர்கள், எவரிடமும் சொல்லவில்லை, அல்லவா?" என்பான். ஆம் என்போம். எழுதிய தாள் நம் நினைவிலிருந்தே மறைந்துவிடும்! மறைந்தது தாளன்று, தடயம்.

பிடிங்டன் தம்பதியர் நிகழ்ச்சி முடிவில், "நீங்களே நீதிபதி" என்றனர். அடக்கமான சொல்! தெய்வ சக்தி என்று அவர்கள் கூறவில்லை, பாராட்டுவோம். எனினும் கேட்கிறோம்: சான்றை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் கேட்பது எந்த ஊர் நீதி? "இது வித்தை" என்ற ஒரு சொல்லால் கரவொலி குறைந்துவிடுமா? குறையாது!

அந்த ஒரு சொல்லை மறைத்தால் விளைவு என்ன? அமெரிக்காவிலே பீட்டர் போப்பாஃப் எனும் மதப் பிரசாரகர், கூட்டத்தில் இருந்தோரின் பெயரையும் நோயையும் ஆண்டவன் அறிவித்ததாய்க் கூறினார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி எனும் வித்தைக்காரர், வானொலி அலையை ஒட்டுக்கேட்டு உண்மையை அம்பலமாக்கினார். அறிவித்தது ஆண்டவனல்ல, அவர் மனைவி! மக்கள் எழுதித் தந்த சீட்டுகளை அம்மையார் படிக்க, போப்பாஃபின் காதிலிருந்த கருவி அதைக் கேட்டது. அலைவரிசை 39.17 மெகாஹெர்ட்ஸ். அங்கும் எழுதிய சீட்டு. அங்கும் மறந்த மக்கள்! ஒரே வித்தை. அரங்கிலே அது களிப்பு. நோயாளியின் முன்னே அது கொள்ளை.

இளைஞர்களே! வித்தையை வெறுக்க வேண்டா; கற்றுக்கொள்ளுங்கள். கற்று, ஊர் மன்றத்தில் நடத்துங்கள். வியப்பு முற்றியதும் கேளுங்கள்: எதில் எழுதினோம்? யார் தொட்டார்? எங்கே போயிற்று? அந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவனே நீதிபதி!