வெள்ளை சாஸும் மாப்பிள்ளைச் சொதியும்

'காண்டினென்டல்' என்று ஒரு சமையல் ஐரோப்பாவில் கிடையாது. பிரெஞ்சுச் சமையல் உண்டு, இத்தாலியச் சமையல் உண்டு, அதற்குள்ளும் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. காண்டினென்டல் என்பது இங்கிலாந்துக்காரன் தன் தீவில் நின்றுகொண்டு எதிர்க்கரையைப் பார்த்து வைத்த பெயர். அவன் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களோடு அதுவும் இங்கே தங்கிவிட்டது. நம்மூர் ஏசி ஹால்களின் மெனு அட்டையில் சவுத் இண்டியன், நார்த் இண்டியன், சைனீஸ் எல்லாம் முடிந்தபிறகு கடைசிப் பக்கத்தில் இருக்கும். மாஸ்கோவில் லூசியன் ஒலிவியே என்ற சமையல்காரர் 1860-களில் செய்ததாகச் சொல்லப்படும் சாலட்டும், கீவ் நகரத்தின் பெயரைத் தாங்கிய கோழியும், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட காய்கறியும் ஒரே பக்கத்தில் ஒரே விலைக்கு உட்கார்ந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே வெள்ளை சாஸ்.

எனக்கு இந்தப் பக்கம் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் ஒரு வேளையாவது வெள்ளை நகரத்தில் மேசை போட்ட ஓர் இடத்தில் சாப்பிடாமல் திரும்பியதில்லை. சென்னையிலும் அப்படித்தான். ஆனால் தமிழில் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கைக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. சினிமாவுக்கு விமர்சனம் இருக்கிறது, நாவலுக்கு இருக்கிறது, கச்சேரிக்கு நூறு வருஷமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு இருப்பது இரண்டே வகை. ஒன்று, அம்மா வைத்த குழம்பு, பழைய காபி கிளப், போன காலம் என்று உருகுவது. இன்னொன்று, கேமராவுக்கு முன்னால் கண்ணை மூடி 'வேற லெவல்' என்பது. இரண்டிலும் சமையல்காரர் என்ன செய்ய முயன்றார், செய்தாரா இல்லையா என்ற கேள்வியே வராது. 700 ரூபாய் கொடுத்து பாஸ்தா தின்கிறவனுக்கு அந்தக் கேள்வி கேட்க உரிமை இருக்கிறதுதானே?

திருச்செந்தூரில் வளர்ந்தவனுக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நியாயம்தான். எங்கள் ஊரில் ஐரோப்பியர் நடமாடாமல் இல்லை. 1640-களில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள், சுவாமியையே கடல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிறகு வடமலையப்ப பிள்ளை மீட்டார் என்று கோயில் கதை சொல்லும். பதினெட்டு கிலோமீட்டர் தெற்கே மணப்பாட்டில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. அதெல்லாம் படையும் மதமும் வந்த வழி. சாப்பாட்டு மேசை அந்த வழியாக எங்களுக்கு வந்து சேரவில்லை. கோயில் வாசலில் சாப்பாடு என்றால் வேகம். சஷ்டி நாளில் ஓட்டலில் நீங்கள் மோர் ஊற்றும்போதே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றுவிடும். "அண்ணாச்சி, முடிஞ்சிட்டா?" என்று கேட்கக்கூட மாட்டார்கள். முதுகில் அவர்கள் மூச்சுப் படும், அதுவே கேள்வி.

ஆகவே புதுச்சேரியில் நான் முதலில் காசு கொடுத்து வாங்கியது சாப்பாட்டை அல்ல, உட்காரும் நேரத்தை. ஒரு காபிக்கு ஒரு மணி நேரம். யாரும் துரத்துவதில்லை. துமா வீதியிலும் ரொமேன் ரோலன் வீதியிலும் பழைய வீடுகளை உணவகமாக்கியிருக்கிறார்கள். நடுவில் முற்றம், அதில் ஒரு மரம், மஞ்சள் சுவருக்கு வெள்ளைக் கரை, காகிதப்பூ. கடற்கரைச் சாலையில் லெ கஃபேயில் உட்கார்ந்தால் கடல் மட்டும் போதும், தட்டில் என்ன வந்தாலும் மன்னித்துவிடலாம். இந்த உணவகங்களின் சாதனை இதுதான் என்று நினைக்கிறேன்: சாப்பிடுவதற்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு என்பதைத் தமிழனுக்குக் காட்டியது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ரொட்டியும் நன்றாக இருக்கிறது. நீள ரொட்டியை உடைத்தால் ஓடு நொறுங்குகிறது, உள்ளே ஈரம் இருக்கிறது. வெண்ணெயில் வாட்டிய மீன், பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. கடல் பக்கத்தில் இருக்கிறதே, அதைக் கெடுக்கத் தனித் திறமை வேண்டும்.

வெள்ளை சாஸில்தான் வழுக்கிவிடுகிறார்கள். அதன் முறையான பெயர் பெஷமெல். பதினான்காம் லூயியின் அரண்மனையில் பணியாற்றிய பெஷமெய் என்பவரின் பெயரால் வழங்குகிறது. வெண்ணெய், அதில் மைதா, பிறகு பால், கடைசியில் கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். நான்கே சாமான். மைதாவின் பச்சை வாசனை போகும்வரை வெண்ணெயில் பிரட்ட வேண்டும், ஆனால் நிறம் மாறக் கூடாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சிறு தீயில், கை ஓயாமல் கிண்ட வேண்டும். பொறுமையே இதில் ருசி. ஜாதிக்காய் நமக்கு அந்நியம் இல்லை. கம்பெனிக் காலத்தில் குற்றாலத்தில் அதன் தோட்டம் போட்டார்கள், இன்றும் சீசனில் அங்கே ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கலாம். ஆனால் ஜாதிக்காய் மணக்கும் வெள்ளை சாஸை நான் தமிழ்நாட்டில் சாப்பிட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். மற்ற இடங்களில் வருவது மைதாக் கஞ்சி. பச்சை வாசனையை அமுக்க மேலே பெட்டிச் சீஸைத் துருவி மலைபோலக் கொட்டுகிறார்கள். உப்பு நாக்கில் ஏறுகிறது, வாசனை அடங்குகிறது, போட்டோவில் நூல் நூலாக இழுபடுகிறது. வாடிக்கையாளர் திருப்தி.

வெள்ளை நகரத்தில் ஓர் உணவகத்தில் இப்படிச் சுட்ட காய்கறித் தட்டு ஒன்று வந்தபோது கூட வந்திருந்த பாளையங்கோட்டை நண்பர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன வே இது, சொதில எலுமிச்சம்பழம் பிழிய மறந்துட்டானா?"

நான் படித்த எந்த உணவு விமர்சனத்திலும் இவ்வளவு கூர்மையான வரி கிடையாது. திருநெல்வேலிக்காரனுக்கு வெள்ளைக் குழம்பை எடைபோட ஒரு படிக்கல் வீட்டிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் மாப்பிள்ளைச் சொதி. தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியாக எடுக்க வேண்டும். காய்கள் மூன்றாம் பாலில் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் நடுவில் சேரும். முதல் பால் கடைசியில், இறக்கும் தறுவாயில், கொதிக்கவே கூடாது, கொதித்தால் திரிந்துபோகும். இஞ்சியும் பச்சை மிளகாயும் காரம் கொடுக்க, இறக்கியபின் எலுமிச்சை. கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். முருங்கைக்காயும் கேரட்டும் பீன்ஸும் அதனதன் உருவத்தோடு, குழையாமல் இருக்க வேண்டும். பாலின் கொழுப்பை வெட்ட ஒரு புளிப்பு, மிதப்பைத் தாங்க ஒரு பருப்பு, காயின் கடிபதம். இந்த மூன்றையும் கேட்டால் நல்ல பெஷமெல் தட்டு பதில் சொல்லும். பிரான்சில் அந்தப் புளிப்புக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை வைனோ, வினிகர் தெளித்த பச்சிலையோ வைப்பார்கள். இங்கே அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஸ்வீட் கார்னைப் போடுகிறார்கள். கொழுப்பின் மேல் இனிப்பு. நாலு வாய்க்கு மேல் இறங்காததற்குக் காரணம் நம் நாக்கின் பட்டிக்காட்டுத்தனம் இல்லை. சமையல் தப்பு, அவ்வளவுதான்.

பலரும் இந்தத் தட்டை மிச்சம் வைத்துவிட்டு, 'நமக்கு இதெல்லாம் பழக்கமில்ல' என்று தங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இட்லி கல்லாக இருந்தால் சர்வரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிற அதே ஆள். விலையும் விரித்த துவாலையும் வாயை அடைத்துவிடுகின்றன.

துவாலை என்றேன். அந்தச் சொல்லே போர்த்துகீசியம். மேசை, கோப்பை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அப்படியே. ஐரோப்பிய உணவகம் என்று நாம் மிரளும் அறையில் பாதிச் சாமானுக்கு நானூறு வருஷம் முன்பே தமிழ்ப்பெயர் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். கூச்சம் எதற்கு?

ஆனால் மேசை வந்ததாலேயே எல்லாரும் அதில் உட்கார்ந்துவிடவில்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலையில் பிராமணருக்கும் இதரருக்கும் தனித்தனி இடம் இருந்த நாடு இது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க 1957-ல் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தென்மாவட்டத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. வெள்ளைக்காரன் ஓட்டலில் அந்தப் பலகை இல்லை. அதற்குப் பதிலாகத் தோலின் நிறம் இருந்தது, பிறகு ஷூவும் ஆங்கிலமும் இருந்தன. இப்போது விலை இருக்கிறது. இருந்தாலும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காத இடம், ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்காத இடம் என்று ஒன்று சிறு ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஊர்களில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சாஸ் மோசமாக இருந்தும் திரும்பத் திரும்பப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரி மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. 1674 முதல் 1954 வரை, கிட்டத்தட்ட இருநூற்று எண்பது வருஷம், நடுநடுவே கைமாறினாலும் பிரெஞ்சுக்காரர் இருந்த ஊர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் அடுப்புப்புகை வாய்க்காலைத் தாண்டியது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்த 'சொல்தா' குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் வீடுகளில் ராகு என்றால் அது பிரெஞ்சு ராகுவும் இல்லை, நம் குருமாவும் இல்லை. வியட்நாமிலிருந்து வந்த 'நெம்' விசேஷ நாளில் எண்ணெய்ச் சட்டியில் மிதக்கும். ஐரோப்பாவும் தமிழும் இந்தோசீனாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்த சமையல் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? அந்தச் சமையலைத் தேடி வெள்ளை நகரத்தில் நடந்தால், பத்து மெனு அட்டையில் ஒன்றில் ஒரு மூலையில் இருக்கும். மீதி ஒன்பதிலும் லசான்யா, பென்னே, சீஸ் கார்லிக் பிரெட். பெங்களூரில் கிடைப்பது, பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்காக.

வடகத்தின் கதையைப் பாருங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கும் அதே தாளிப்பு வடகம். அது புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் 'வடூவான்' ஆயிற்று. இன்று அங்கே பெயர்பெற்ற சமையல்காரர்கள் அதைச் சிப்பி மேலும் ஆட்டுக்கறி மேலும் தூவுகிறார்கள். மசாலாக் கடைகளில் சின்னக் குப்பியில் விற்கிறது. தமிழன் அடுப்பு ஐரோப்பியத் தட்டுக்குக் கொடுத்த கொடை இது. ஆனால் மஞ்சள் சுவர் உணவகங்களில் வெண்ணெயில் வாட்டிய மீனுக்கு மேலே காய்ந்த ஒரிகானோவைத் தூவுகிறார்கள். பாக்கெட்டில் வருவது. இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருத்தி மொட்டை மாடியில் வடக உருண்டை காயப் போட்டிருப்பாள்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் எங்கள் பக்கத்தில், தூத்துக்குடியில் இருக்கிறது. அங்கே மஞ்சள் சுவரும் இல்லை, முற்றமும் இல்லை. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கூம்பு கூம்பாக மக்ரூன். போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பார்கள். ஐரோப்பாவில் பாதாம் போடுவார்கள், இங்கே முந்திரி. நாங்கள் கொல்லாங்கொட்டை என்போம். அந்த மரத்தையே பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள்தான். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை நிற்கும்வரை அடித்து, முந்திரித் தூளை நுரை உடையாமல் கலந்து, காகிதக் கூம்பில் பிழிந்து, குறைந்த சூட்டில் மெதுவாக உலர விடுகிறார்கள். அவசரப்பட்டுச் சூடு ஏற்றினால் பழுப்பாகிவிடும். ஒரு வேடிக்கை: மக்ரூன், மக்ரோனி இரண்டும் ஒரே இத்தாலியச் சொல்லின் பிள்ளைகள். ஒரு பிள்ளை ஏசி அறையில் ஸ்வீட் கார்னோடு உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கிலோக் கணக்கில் போகிறது.

மக்ரூனைச் செய்கிறவர் அதை ஐரோப்பியப் பண்டமாக நினைப்பதில்லை. அதனாலேயே அதில் கை நடுங்குவதில்லை. நுரை இறங்கினால் அவருக்குத் தெரியும், வாடிக்கையாளருக்கும் தெரியும், "என்னண்ணே, இன்னைக்கு இழுக்குது, சரியாக் காயலையா?" என்று கடையிலேயே கேட்டுவிடுவார்கள். மக்ரூன் மோசமாக இருந்து, அது நமக்குப் பழக்கமில்லாததுதான் காரணம் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பெஷமெல்லுக்கு அந்த நிலை வர எத்தனை நாளாகும் என்று தெரியாது. அதுவரை வெள்ளை நகரத்துக்குப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: மீன், ரொட்டி, காபி. சுட்ட காய்கறித் தட்டைக் கேட்பதானால் ஜாதிக்காய் போடுவீர்களா என்று முதலில் விசாரியுங்கள்; கூடவே அரை மூடி எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்குங்கள். நண்பர் அன்றைக்கு அப்படித்தான் செய்தார். சர்வர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, வெள்ளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். தட்டு காலியாயிற்று.