சிறு திரையின் சிருஷ்டிகள்

வீடியோ கேம்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களிடையே அண்மைக்காலமாக ஓர் அபிப்பிராயம் செல்வாக்குப் பெற்று வருகிறது. 2017-ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் கருவியை வெளியிட்டு, வீட்டுத் தொலைக்காட்சியிலும் கையிலும் ஒரே விளையாட்டை ஆடலாம் என்ற நிலையை உண்டாக்கிய பிறகு, கையடக்கக் கருவிகளுக்கென்று தனியே படைக்கப்பட்ட கிளை விளையாட்டுகளெல்லாம் மூல விளையாட்டுகளின் சுருக்கப் பதிப்புகள் என்றும், திரையின் வறுமையால் நேர்ந்த தாற்காலிக ஏற்பாடுகள் என்றும், அவை மறைந்ததில் நஷ்டம் ஏதுமில்லை என்றும் சொல்லப்படுகிறது. இது தவறு என்பது என் திடமான கருத்து. அதற்கு மாரியோ வரிசை ஒன்றே போதுமான சாட்சியம்.

பூர்வ கதையில் அதிகம் தங்க வேண்டியதில்லை. குன்பெய் யோகோய் என்ற பொறியாளர் 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்ததையும், 1980-இல் கேம் அண்ட் வாட்ச் கருவிகளைப் படைத்ததையும், 1982-இல் அவற்றுள் ஒன்றில் சிலுவை வடிவப் பொத்தானை அமைத்ததையும், 1989-இல் அவரது குழு கேம் பாய் கருவியை வெளிக்கொணர்ந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். பழகிப்போய் மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்துக்கு எவரும் எண்ணிப் பாராத உபயோகத்தைக் கண்டுபிடிப்பதே அவருடைய கொள்கை. கேம் பாயில் பச்சை கலந்த நான்கே சாயல்கள், 160-க்கு 144 புள்ளிகள், பின்னொளி கிடையாது; ஆனால் நான்கு பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடும். மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவின் புகழ் எட்டாத மூலையில்லை. யோகோயின் பெயரோ கருவிகளின் சரித்திரத்தில் மட்டும் பேசப்பட்டு, விளையாட்டுக் கலையின் சரித்திரத்தில் அநேகமாக விடுபட்டுப் போகிறது.

கேம் பாயுடன் வந்த சூப்பர் மாரியோ லேண்ட், மியாமோட்டோவின் பங்கு இன்றி, யோகோயின் தயாரிப்பிலும் சடோரு ஒகாடாவின் இயக்கத்திலும் உருவானது. மாரியோ என்ற உருவத்தை இரவல் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை அது தன் போக்கில் விட்டுவிட்டது. எகிப்தையும் ஈஸ்டர் தீவையும் சீனத்தையும் நினைவூட்டும் சரசாலேண்ட் என்ற தேசம், டெய்சி என்ற வேறோர் இளவரசி, மிதித்ததும் வெடித்துவிடும் ஆமை, நெருப்புக்குப் பதிலாகச் சுவரில் பட்டுத் தெறிக்கும் பந்து, திடீரென்று நீர்மூழ்கியிலும் விமானத்திலும் ஏறிச் சுட்டுக்கொண்டே போகும் கட்டங்கள் என்று எல்லாமே புதியவை. பன்னிரண்டே கட்டங்களில் முடிந்துவிடும் இந்தச் சிறு படைப்பைச் சம்பிரதாயத்திலிருந்து வழுவியது என்று குறை கூறுகிறார்கள். வழுவியதுதான் அதன் பெருமை என்பேன்.

1992-இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் துணிச்சலானது. மாரியோ ஊரில் இல்லாத சமயம் அவனுடைய கோட்டையையே அபகரித்துக்கொள்ளும் வாரியோ என்ற பேராசைக்காரனை அது அறிமுகம் செய்தது. ஹிரோஜி கியோடாகே வரைந்த அந்த உருவம், மாரியோவின் குணங்களையெல்லாம் தலைகீழாக்கிப் பார்த்த விமரிசனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த பாகத்தில், அதாவது 1994-இல் வெளிவந்த வாரியோ லேண்டில், வில்லனே கதாநாயகன் ஆனான். இளவரசியை மீட்கும் தர்மம் போய், பணம் சேர்த்து வீடு கட்டிக்கொள்ளும் காமம் வந்தது. சேர்த்த தொகைக்கு ஏற்ப, முடிவில் பறவைக்கூண்டு முதல் ஒரு முழுக் கிரகம் வரை அவனுக்கு இருப்பிடம் கிடைக்கும். ஒரு பெரிய வரிசையின் மூன்றாம் பாகத்தில் நாயகனையே மாற்றிவிடும் சுதந்திரம் பெரிய திரையின் காவலர்களுக்கு வாய்த்திருக்குமா?

ஆயினும் இந்த மரபின் சிகரம் 1998-இல் வந்த வாரியோ லேண்ட் II. ஓடித் தாண்டும் விளையாட்டுகள் பெரும்பாலும் அதுவரை மரணத்தின் மீது கட்டப்பட்டிருந்தன. தவறினால் உயிர் போகும், மூன்று உயிர் போனால் ஆட்டம் முடியும் என்ற விதியைக் கேள்வி கேட்டவர்கள் அரிது. அந்த விதியையே இந்தப் படைப்பு நீக்கிவிட்டது. வாரியோ சாவதில்லை. பகைவன் அடித்தால் சில நாணயங்கள் சிதறும், அல்லது அவன் உருமாறுவான்: தீப்பற்றினால் ஓடி ஓடித் தடைகளை எரிப்பான், நசுக்கப்பட்டால் தட்டையாகி இடுக்குகளில் புகுவான், பருத்துப்போனால் தன் எடையாலேயே தரையை உடைப்பான். வேறெந்த விளையாட்டிலும் தண்டனையாக இருக்கும் விபத்து இங்கே சாவியாகிறது. அடிபடுவதற்காகவே பகைவனைத் தேடிப் போகும் விசித்திரமான யோசனை ஆடுபவன் மனத்தில் முளைக்கிறது. தொடக்கத்தில் தூங்கும் வாரியோவை எழுப்பாமல் எந்தப் பொத்தானையும் தொடாதிருந்தால் கதை வேறு பாதையில் பிரிந்து போகும். செயலின்மையையும் ஒரு செயலாக அங்கீகரித்த இந்த நுட்பத்தை இன்று பலர் புதிய கண்டுபிடிப்பாகப் பாராட்டுகிறார்கள். கேம் பாயில் அது எப்போதோ நிகழ்ந்துவிட்டது.

2003-இல் அதே பரம்பரையிலிருந்து வாரியோ வேர் தோன்றியது. சில விநாடிகளே நீடிக்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட குட்டி விளையாட்டுகள், ஒரு சொல்லில் கட்டளை, உடனே அடுத்தது. பேருந்துக்காக நிற்பவன் கையிலுள்ள கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை எவரும் யோசித்ததில்லை. யோகோய் அப்போது இல்லை. 1996-இல் நிறுவனத்தை விட்டுச் சென்ற அவர், மறு வருஷமே சாலை விபத்தில் காலமானார். அவர் வளர்த்த குழுவின் மனப்பாங்கு மட்டும் எஞ்சியிருந்தது.

இது ஒரு குழுவின் தனிப்பட்ட விநோதம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1993-இல் நின்டெண்டோவின் மற்றொரு வரிசையான செல்டாவின் தலைமைக் குழுவினரே, தகாஷி டெசுகாவின் இயக்கத்தில், கேம் பாய்க்காக லிங்க்'ஸ் அவேக்கனிங்கைப் படைத்தபோது, இளவரசி செல்டாவும் ஹைரூல் ராஜ்யமும் இன்றி, ஒரு தீவின் கனவை மட்டும் வைத்து அந்த வரிசையிலேயே மிகத் துயரமான கதையைச் சொன்னார்கள். அலுவல் நேரத்துக்கு அப்பால் ஒரு சோதனை முயற்சியாக அது ஆரம்பித்தது. பிரதான படைப்பு என்ற பாரம் தோளில் இல்லாதபோது அதே கைகள் வேறுவிதமாக எழுதின.

இதற்கு நேர்மாறாக, 2006-இல் நின்டெண்டோவின் டிஎஸ் கைக்கருவிக்கு வந்த நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸைப் பாருங்கள். அதே இளவரசி, அதே பகைவன், அதே கோட்டைகள். குறை சொல்ல இடமில்லாத தொழில்திறனுடன், நினைவில் நிற்க ஒன்றுமில்லாத வறட்சி. மூன்று கோடிப் பிரதிகள் விற்றதால், சம்பிரதாயமே லாபம் என்ற பாடம் நிலைத்துவிட்டது. 2011-இன் சூப்பர் மாரியோ 3டி லேண்ட் முப்பரிமாணத் திரையை அறிவோடு பயன்படுத்தியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதுவும் பெரிய திரையின் இலக்கணத்தைச் சிறிதாக எழுதியதே தவிர, புதிய இலக்கணம் அல்ல. கைக்கருவியில் சுருக்கப் பதிப்பு என்ற பழி பொருந்துமானால் இந்தக் காலத்துக்கே பொருந்தும். அதற்கு முந்திய பதினைந்து வருஷங்களுக்குப் பொருந்தாது.

சிறு திரை போய்விட்டது என்பது என் வருத்தமல்ல. யாரும் கூர்ந்து கவனிக்காத, செலவு குறைந்த, தோற்றால் மானம் போகாத ஓர் இடம் ஒவ்வொரு பெரிய வரிசைக்கும் வேண்டும். அந்த இடம் வீட்டுக் கருவியும் கைக்கருவியும் ஒன்றானபோது மூடப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மாரியோவும் இப்போது பிரதான மாரியோவாகவே இருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. வாரியோ லேண்ட் வரிசையில் 2008-க்குப் பிறகு புதிய பாகம் ஒன்றுகூட வரவில்லை.