'ஊமை' என்னும் குறியீடு

நமது திறனாய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொற்றொடர்கள் இரண்டு. ஒன்று 'ஊமைச் சமூகம்'. மற்றையது 'குரலற்றவர்களின் குரல்'. இடம்பெயர்ந்த குடும்பம், காணியிழந்த விவசாயி, வீட்டுக்குள் ஒடுங்கிய பெண் என எவரைப் பற்றிய கதையாயினும் அதை மெச்சுவதற்கு இவை கைவசம் இருக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்துடன் இவற்றைக் கையாள்வதில்லை. ஆயினும், வாய் பேசாதவனுக்குச் சொல்ல எதுவுமில்லை, அவனுக்காக இன்னொருவர்தான் பேச வேண்டும் என்ற அனுமானம் இச்சொற்களுக்குள் இருக்கிறது. அது சரிதானா? செவிப்புலனற்ற பாத்திரங்களை மையமாகக் கொண்ட இரண்டு புகழ்பெற்ற படைப்புகளை வைத்து இதனை நோக்கலாம்.

முதலாவது, இவான் துர்கனேவின் 'முமு'. 1852இல் அவர் தடுப்புக்காவலில் இருந்தபோது எழுதி, 1854இல் வெளிவந்த கதை. மாஸ்கோவில் ஒரு சீமாட்டியின் வீட்டில் வேலை செய்யும் பண்ணையடிமை கெராசிம். பிறவியிலேயே காது கேளாதவன். நான்கு பேரின் வேலையைத் தனியாளாகச் செய்பவன். அவன் விரும்பிய சலவைக்காரப் பெண்ணை எசமானி ஒரு குடிகாரனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிடுகிறாள். பிறகு, ஆற்றில் தத்தளித்தபோது அவன் காப்பாற்றிய நாய்க்குட்டியே அவனுக்கு எல்லாமாகிறது. தன் வாயிலிருந்து எழும் ஒலியையே அதற்குப் பெயராக வைக்கிறான். எசமானியின் கட்டளைக்காக அதனைத் தன் கையாலேயே ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, எவரிடமும் உத்தரவு கேளாமல் தன் கிராமத்துக்கு நடந்தே போய்விடுகிறான்.

பண்ணையடிமை முறைக்கு எதிராக இத்தனை அடக்கமாகவும் கனதியாகவும் எழுதப்பட்ட கதைகள் அதிகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றப் பணியாளர்கள் கெராசிமுடன் சைகையால் பேசுகிறார்கள். அவனும் பதில் சொல்கிறான். அந்தச் சைகைகள் கட்டளைக்கும் சம்மதத்துக்கும் அப்பால் அதிகம் செல்வதில்லை. தன்னைப் போன்ற இன்னொருவரை அவன் கதையில் சந்திப்பதேயில்லை. வாய் திறவாத ரஷ்யக் குடியானவ மக்களின் உருவமாக அவனை வாசிப்பது அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. அந்த வாசிப்புக்கு அவனது மௌனம் தேவைப்பட்டது.

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் கார்சன் மெக்கல்லர்ஸ் 1940இல் வெளியிட்ட நாவல். அதன் தலைப்பை 'இதயம் ஒரு தனித்த வேடன்' எனத் தமிழில் சொல்லலாம். தென்மாநில ஆலை நகரமொன்றில் வெள்ளிப் பொருட்களில் எழுத்துப் பொறிக்கும் ஜோன் சிங்கர் செவிப்புலனற்றவர். அவருடன் வசிக்கும் அன்டோனபூலஸும் அப்படியே. சிங்கரின் கைகள் ஓயாமல் அந்த நண்பருடன் பேசுகின்றன. நண்பர் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்ட பிறகு, ஊரில் நான்கு பேர் சிங்கரின் அறைக்கு வந்து தங்கள் மனச்சுமையை இறக்கிவைக்கத் தொடங்குகிறார்கள். இசைப் பித்துக்கொண்ட சிறுமி, கறுப்பின வைத்தியர், ஊர் ஊராய் அலையும் தொழிலாளி, உணவுக்கடைக்காரர் என்னும் இந்நால்வரும் சிங்கர் தங்களை முற்றாக விளங்கிக்கொண்டார் என நம்புகிறார்கள். அவருக்கோ பாதி விளங்குவதில்லை. நண்பர் இறந்ததை அறிந்ததும் சிங்கர் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார்.

கேட்கும் மனிதர்கள் பேசாதவனைத் தம் விருப்பத்துக்கு வனைந்துகொள்வதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல் வேறொன்றை நான் அறியேன். இதில் துர்கனேவைக் காட்டிலும் மெக்கல்லர்ஸ் முன்சென்றார். ஆயினும் அவரே பின்னர் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு செய்தி உண்டு. நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது அயலூரில் செவிப்புலனற்றோரின் மாநாடு நடக்கவிருப்பதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். தான் மனத்தில் வனைந்துவிட்ட உருவம் குலைந்துவிடக் கூடாதென்று அவர் போக மறுத்துவிட்டார். எழுத்தாளரின் கற்பனைச் சுதந்திரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாவலில் நான்கு பேர் சிங்கருக்குச் செய்ததை நாவலாசிரியரும் செய்திருக்கிறார் என்பதை மறைக்க முடியாது.

போயிருந்தால் எதைக் கண்டிருப்பார்? ஒரு மொழியையும் அதன் வரலாற்றையும் கண்டிருப்பார். 1779இலேயே பாரிஸில் பியேர் டெலோஜ் என்ற செவிப்புலனற்ற புத்தகம் கட்டும் தொழிலாளி, தம்மவரின் சைகைகளால் எதைப் பற்றியும் உரையாட முடியும் என ஒரு நூல் எழுதி வாதிட்டார். நூறு ஆண்டுகள் கழித்து, 1880 செப்டெம்பரில், மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு வகுப்பறையில் வாய்ப்பேச்சே மேலானது எனத் தீர்மானித்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் நால்வர் மாத்திரமே. முடிவெடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதன்பின் பல நாடுகளில் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் தொழில் இழந்தனர். சைகை செய்த பிள்ளைகளின் கைகள் அடிக்கப்பட்டன. 2010இல் வன்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடர் அந்தத் தீர்மானங்களுக்கு வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள்! ஆசிரியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது உறைக்க வேண்டும்.

மொழி அழிந்துவிடும் என அஞ்சிய ஜோர்ஜ் வெடிட்ஸ் என்ற செவிப்புலனற்ற அமெரிக்கர், 1913இல் சைகை மொழியைக் காப்பது பற்றிச் சைகையிலேயே ஆற்றிய உரை படச்சுருளில் பதிவானது. எழுத்து வடிவம் பெறாத மொழிக்கு அதுவே ஓலைச்சுவடி.

நான் படித்த ஆசிரியர் கலாசாலையில் சைகை என்பது பேச்சுக்கு மாற்றீடு என்ற அளவில்தான் படிப்பிக்கப்பட்டது. ஆனால் 1960இலேயே வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கிலப் பேராசிரியர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் ஆகிய மூன்றும் பேச்சொலிகளைப் போல இணைந்து சொற்களாகின்றன எனக் காட்டியிருந்தார். அம்மொழியில் புருவத்தை உயர்த்துவது வெறும் முகபாவம் அன்று; 'ஆம்', 'இல்லை' என்று பதில் வேண்டும் வினாவின் இலக்கணம். ஒரே கைவடிவம் திரும்பத் திரும்ப வருவதால் எதுகை பிறக்கிறது. டொரத்தி மைல்ஸ் போன்றோர் அதில் கவிதை படைத்தனர்.

இது மேற்கத்தியச் சங்கதி என ஒதுக்க வேண்டியதில்லை. நெகேவ் பாலைவனத்தில் அல்-செய்யித் என்றொரு முஸ்லிம் பதவீ கிராமம் உண்டு. 2005இல் வெளியான ஆய்வின்படி சுமார் 3,500 பேரில் 150 பேரளவில் செவிப்புலனற்றோர். அவர்களுக்கு எவரும் கற்பிக்காத ஒரு சைகை மொழி மூன்று தலைமுறைக்குள் அங்கே உருவானது. காது கேட்போரிலும் பலர் அதில் பேசுகிறார்கள். சுற்றிலும் பேசப்படும் அரபு, ஹீப்ரு மொழிகளின் சொல்லொழுங்கை அது பின்பற்றவில்லை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என, நம் தமிழைப் போல வினையை இறுதியில் வைக்கிறது.

நமது மார்க்கச் சட்ட மரபும் இதனை அறிந்தே இருந்தது. பேச இயலாதவரின் விளங்கத்தக்க இஷாரத், கொடுக்கல் வாங்கலிலும் நிகாஹிலும் அவரது சொல்லாகவே ஏற்கப்படும். 1869இல் தொடங்கி வெளிவந்த உஸ்மானியச் சட்டத் தொகுப்பான மஜல்லா இதனைத் தனியொரு விதியாகவே வைத்தது. மிலான் மாநாட்டுக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு. காழியின் முன்னிலையில் சொல்லாக ஏற்கப்பட்ட கை, நமது சிறுகதையில் மட்டும் ஏன் வெறும் பரிதாபமாகிறது?

தமிழில் விதிவிலக்கு இல்லாமலில்லை. ராதாமோகன் இயக்கிய 'மொழி' (2007) திரைப்படத்தில் ஜோதிகா ஏற்ற பாத்திரம் கோபிக்கிறது, கேலி செய்கிறது, தன் முடிவைத் தானே எடுக்கிறது. அந்த அளவுக்கேனும் அது முன்னேற்றம்.

பிறரின் கதைகளில் முஸ்லிம் பாத்திரம் தொப்பியும் வியாபாரமுமாகச் சுருங்கிவிடுகிறது என்று நாம் பலகாலமாகக் குறைப்படுகிறோம். அருகில் வந்து பாராமல், எங்களை விளங்கிக்கொண்டதாக எண்ணி எழுதினார்கள் என்பதே அக்குறையின் சாரம். அதே குறையைச் செவிப்புலனற்றோர் நம்மிடம் சொன்னால் நம்மிடம் பதில் இல்லை. அவர்கள் சொல்லாமலுமில்லை, நமக்குத்தான் விளங்கவில்லை.

ஆகவே நம் படைப்பாளிகளிடம் வேண்டுவது பெரிதல்ல. அடுத்த கதையில் செவிப்புலனற்ற ஒருவர் வந்தால், அவர் கைகள் யாரிடம் பேசுகின்றன, என்ன சொல்கின்றன என்பதை அறிந்து எழுதுங்கள். அதற்கு முதலில் அவரிடம் போக வேண்டும். திறனாய்வாளர்கள் ஒடுக்கப்பட்டோரைக் குறிக்க வேறு சொல் தேடட்டும். 'ஊமை' என்ற சொல்லால் நாம் சுட்டுபவருக்கு ஒரு மொழி இருக்கிறது.