பட்டியலும் சும்மாடும்

ஜனவரி பிறந்தால் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு ஒரு வாரம் முன்பே பட்டியல்கள் பிறந்துவிடும். எழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்துப் புத்தகம் சொல்வார்கள். கூடவே ஒரு கேலியும் கிளம்பும்: எல்லாம் முதுகு சொறிகிற வேலை, நீ என்னைச் சொல்லு, நான் உன்னைச் சொல்றேன். அண்மைக்காலத்தில் இந்தக் கேலி ஒரு கொள்கையாகவே தடித்துவிட்டது. வாசகர்கள் நேரடியாக நட்சத்திரம் போடும் காலத்தில் சக எழுத்தாளரின் சிபாரிசு எதற்கு, நல்ல புத்தகம் தன் வாசகரைத் தானே தேடிக்கொள்ளும் என்கிறார்கள்.

தேடிக்கொள்ளாது. தமிழில், அதிலும் வட்டார எழுத்தில், அப்படித் தேடிக்கொண்ட புத்தகம் ஒன்றையாவது எனக்குக் காட்டுங்கள். கடை எட்டாத ஊரிலிருந்து, கடை மதிக்காத பேச்சில் எழுதப்பட்டவை அவை. ஒவ்வொன்றையும் யாரோ இன்னொரு எழுத்தாளர்தான் கைபிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்.

முதல் வட்டார நாவல் என்று நாம் சொல்லும் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தபோது அதற்கு முன்னுரை தந்தவர் கு.ப.ரா. கொங்குக் காட்டில் பங்கு கேட்டு நிற்கும் ஒரு விதவையின் கதைக்குக் கும்பகோணத்து மென்குரல்காரர் சாட்சி சொன்னார். பிறகு க.நா.சு. வந்தார். அவருடைய பட்டியல்களை வைத்து இன்றும் சண்டை போடுகிறோம். ஆனால் பட்டியலோடு அவர் நின்றுவிடவில்லை என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். இரணியல் வட்டாரப் பேச்சில் எழுதப்பட்ட நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர். சி.சு. செல்லப்பாவோ ‘எழுத்து’ பத்திரிகையைப் பதினோரு ஆண்டு இழுத்தார். 24 புதுக்கவிஞர்களைச் சேர்த்து 1962இல் ‘புதுக்குரல்கள்’ கொண்டுவந்தார். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பரிந்துரை என்ற சொல்லுக்கு உடல் எடை உண்டு என்று காட்டியவர் அவர்தான்.

இவையெல்லாம் முன்னோட்டம். நான் நின்று பேச விரும்பும் இடம் கோவில்பட்டிப் பக்கம், இடைசெவல்.

ஒரே ஊர், ஒரே தலைமுறை, இரண்டு எழுத்தாளர்கள்: கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி சென்னை, மலேயா என்று போய் 1970இல் மறைந்தார். கி.ரா. காட்டோடு இருந்தார். 1976இல் ‘கோபல்ல கிராமம்’ வந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு ஒரு நாவலாசிரியர் இயல்பாக என்ன செய்வார்? அடுத்த நாவல் எழுதுவார். கி.ரா. சொல் பொறுக்கக் கிளம்பினார். 1982இல் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ வந்தது. 1984இல் அவர் தொகுத்த ‘கரிசல் கதைகள்’. அழகிரிசாமி தொடங்கி பா. செயப்பிரகாசம், பூமணி, வீர. வேலுச்சாமி என்று ஒரு மண்ணின் எழுத்துக்காரர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்த தொகுப்பு.

என்னிடம் இருப்பது நடைபாதைக் கடையில் வாங்கிய படி. முதுகு பிரிந்து நூல் தொங்குகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறைக்கும். யார் பெரியவர், யார் சிறியவர் என்ற வரிசை கி.ரா.வுக்குப் பொருட்டாகவே இல்லை. மழை ஏமாற்றும் பூமியில், தீப்பெட்டி ஆபீசுக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவில், எத்தனை விதமாகக் கதை சொல்ல முடியும் என்பதே அவர் அக்கறை. அகராதியையும் தொகுப்பையும் சேர்த்துப் பாருங்கள். புத்தகத்தைச் சொன்னதோடு, அதைப் படிக்கத் தேவையான சொற்களையும் அவரே வாசகர் மடியில் கட்டிவிட்டிருக்கிறார். அந்த வழியில்தான் பின்னாளில் பெருமாள்முருகன் கொங்குக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதி செய்தார்கள்.

இன்னொரு தோளும் இருந்தது. சிவகங்கையிலிருந்து அன்னம் பதிப்பகத்தை நடத்திய மீரா, கவிஞர், கல்லூரி ஆசிரியர். கி.ரா. தொகுத்ததை அச்சில் ஏற்றியவர் அவர். சென்னையை நம்பாமல் ஒரு சின்ன ஊரிலிருந்து தமிழ் இலக்கியத்துக்குப் பத்து ஆண்டு திசை காட்ட முடிந்ததென்றால், அதற்குக் காரணம் எழுத்தாளரே பதிப்பாளராக இருந்ததுதான். அதே கோவில்பட்டியிலிருந்து கோணங்கி ‘கல்குதிரை’யை நடத்தினார், அவருடைய அண்ணன் தமிழ்ச்செல்வன் இயக்க மேடைகளில் ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் பேசினார். பாணி வேறு, சும்மாடு ஒன்று.

இதற்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. ஒரு கொலை, அதைச் செய்த பதினைந்து வயதுப் பையன், அவனைக் கூட்டிக்கொண்டு காட்டில் அலையும் தகப்பன். அதைத் தழுவிய ‘அசுரன்’ படம் 2019இல் வந்த பிறகு அந்த நாவல் எல்லார் கையிலும் இருந்தது. நடுவில் 37 ஆண்டுகள். அத்தனை காலம் அதை அணையாமல் வைத்திருந்தவர்கள் யார்? நட்சத்திரம் போட்டவர்கள் இல்லை. சிறுபத்திரிகையில் எழுதியவர்கள், இரவல் கொடுத்துத் திரும்ப வாங்காதவர்கள், “இதைப் படிச்சிட்டு வா, பேசுவோம்” என்று இளையவர்களை விரட்டியவர்கள். சினிமா அறுவடைக்கு வந்தது. தண்ணீர் கட்டியவர்கள் இவர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டி வந்த கையே சில நேரம் கழுத்தையும் பிடிக்கிறது. ‘வட்டாரம்’ என்ற அடைமொழி வாசலைத் திறந்து, பின்பு அதுவே வேலியாகிவிட்டது. தஞ்சாவூர்ப் பேச்சில் எழுதினால் இலக்கியம், கரிசல் பேச்சில் எழுதினால் வட்டார இலக்கியம் என்ற அநியாயமான பாகப்பிரிவினை இன்னும் ஒழியவில்லை. உருளைகுடியின் சோ. தர்மன் ‘தூர்வை’, ‘கூகை’, ‘சூல்’ என்று எழுதிச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்ற பிறகும், தன்மேல் ஒட்டப்படும் தலித் எழுத்தாளர் என்ற சீட்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வீர. வேலுச்சாமியையோ சீட்டு ஒட்டவும் ஆளில்லாமல் மறந்துவிட்டோம். அவருடைய ‘நிறங்கள்’ தொகுப்பைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் இந்தக் குறைகளுக்கு மருந்து பரிந்துரையை ஒழிப்பது இல்லை, அதற்குப் பழைய பாரத்தைத் திரும்ப ஏற்றுவது. இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்து, நூறு படி போட்டு எவரும் சொந்தமாகப் புத்தகம் கொண்டுவர முடிகிறது. அச்சு சுலபமாகிவிட்டதால் கூட்டி வரும் ஆளின் தேவை கூடியிருக்கிறது. நாமோ பட்டியலோடு கைகழுவிவிடுகிறோம். பத்துப் பெயர், பத்து அட்டைப்படம், ஆளுக்கு ஒரு ‘முக்கியமான’. தொகுப்பார் இல்லை, முன்னுரையில் மல்லுக்கட்டுவார் இல்லை. கேலி செய்பவர்கள் பார்ப்பது இந்தச் சோம்பல் பட்டியல்களைத்தான். அந்த அளவுக்கு அவர்கள் சொல்வதும் நியாயம்.

எனக்கும் அதில் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தேனிப் பக்கத்து இளைஞர் ஒருவர், சொந்தக் காசில் அச்சிடவிருந்த நாவலின் கட்டை நீட்டி, “அண்ணே, பின்னட்டைக்கு ரெண்டு வரி” என்றார். நாற்பது பக்கம் படித்துவிட்டு ‘முக்கியமான வரவு’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நாற்பது பக்கத்துக்குள் ஏலத் தோட்டத்துச் சொல் ஒன்று மூன்று முறை வந்தது. அர்த்தம் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கி.ரா.வாக இருந்தால் பாராட்டெல்லாம் பிறகு. முதலில் ஒரு கார்டு போட்டு அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்.