பைத்தியம் என்கிற பிரதியும் வலி என்கிற விஷயமும்

ஃபூக்கோ நம் பத்திரிகைகளுக்குள் வந்து சேர்ந்ததிலிருந்து பைத்தியத்துக்கு ஒரு தனி மவுசு. பகுத்தறிவின் அதிகாரத்தை மறுப்பவன், ஒழுங்கைக் குலைப்பவன், விளிம்பின் குரல் என்றெல்லாம் எழுதித் தீர்த்தாயிற்று. அந்த ஆள் ராத்திரி தூங்கினானா, சாப்பிட்டானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலையே எடுத்துக்கொள்வோம். 1992இல் வந்தது, 1993இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் பேசுகின்றன, ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, ஓய்வதேயில்லை. வெங்கட்ராம் இதைச் சொந்த அனுபவத்திலிருந்துதான் எழுதினார் என்பது ஊரறிந்தது. இந்நாவலை ஒரு சாரார் தெய்வ சக்திக்கும் தாமச சக்திக்குமான யுத்தம் என்று வாசிக்கிறார்கள். நம் ஆட்களோ சிதறிய தன்னிலை, பன்முகக் குரல்கள், யதார்த்தவாதத்தின் உடைவு என்கிறார்கள். இரண்டுக்கும் பிரதியில் ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பரம எதிரிகளான இந்த இரு வாசிப்புகளும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. தொழில் நொடித்து, குடும்பம் வறுமையில் தள்ளாட, ஒரு மனுஷன் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறான் என்பது இரண்டுக்குமே உறைக்கவில்லை.

வெங்கட்ராமுக்கு நான் நோய்ப்பெயர் சூட்டுகிறேன் என்று கிளம்பிவிட வேண்டாம். நாவலைப் படித்து மருந்துச்சீட்டு எழுதுவது என் வேலையல்ல. ஆனால் காதில் குரல் கேட்கிற இன்னொருவர் இந்த வாசிப்புகளைப் படித்தால், 'பொறுத்துக்கொள், இது பெரிய விஷயம்' என்றுதானே எடுத்துக்கொள்வார்? 1952இல் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து இக்குரல்களைத் தணிக்கிற மருந்துகள் இருக்கின்றன. எல்லோருக்கும் கேட்பதில்லை; பலருக்குக் கேட்கிறது.

கோபிகிருஷ்ணன் வேறு ரகம். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதியவர், உளவியல் படித்தவர். மனநல மருத்துவத்தின் மீது அவருக்கு விமர்சனம் நிறையவே உண்டு. இருந்தும் நோயை அவர் கிரீடமாகச் சூட்டிக்கொள்ளவில்லை. அவஸ்தையை அவஸ்தை என்றுதான் எழுதினார். அவர் அதிகம் பேசப்படாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஃபூக்கோவிடமே திரும்புவோம். அவர் எழுதியது 1656இல் பாரீஸில் அரசாணையால் தொடங்கிய பெரும் அடைப்பு பற்றி. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஏர்வாடியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை, சங்கிலி. அந்தச் சங்கிலியைப் பூட்டியது மருத்துவச் சொல்லாடல் அல்ல. மருத்துவம் எட்டாத இடத்தில், அவமானத்துக்கு அஞ்சிய, வேறு வழி தெரியாத குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட இடம் அது. சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்ததும், மனநல சிகிச்சையை உரிமை என்று சொன்னதும் 2017இல்தான். இங்கே அதிகாரம் அடைத்துவைப்பதன் மூலம் மட்டும் செயல்படவில்லை, கைவிடுவதன் மூலமும் செயல்படுகிறது. இந்தப் பாதியை ஃபூக்கோவை வைத்துக்கொண்டு நாம்தான் எழுதியாக வேண்டும்.

ஆஸ்பத்திரிகள் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளி வாயைத் திறக்குமுன் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற டாக்டர்கள் உண்டு. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பதை வசவாகவே வைத்திருக்கிற சமூகம் இது. சண்டை போட வேண்டியதுதான். ஆனால் அது நல்ல சிகிச்சை கேட்டுப் போடுகிற சண்டை.

எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவர் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுக்கத் தொடங்கியபோது, எங்கள் வட்டத்திலிருந்தே ஒருவர் அவரிடம், "மாத்திரை போட்டா கவிதை போயிடும் தோழர், விட்டுடுங்க" என்றார். மாத்திரையை விட்டு, மூணு வாரம் தூங்காமல் அலைந்து, திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனவர் கவிஞர்தான், அறிவுரை சொன்னவரல்ல. இரண்டாம் முறை கை நடுங்குவதை டாக்டரிடம் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்தார்கள். சில மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு எழுதினார், எழுதிக்கொண்டிருக்கிறார். புதுக் கவிதைகளில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடமே சொன்னேன். ராத்திரி பதினோரு மணிவரை டீக்கடையில் உட்கார்த்தி வைத்துச் சண்டை போட்டார்.