சுமக்கும் வளைவு, சுமக்காத வளைவு

பெங்களூருவின் பழைய கோட்டைப் பகுதியில், கோட்டை வெங்கடரமண சுவாமி கோயிலை அடுத்து நிற்கும் திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை, 1781இல் ஹைதர் அலி தொடங்கி 1791இல் அவர் மகன் திப்பு முடித்த இரண்டு அடுக்குத் தேக்குக் கட்டடம் ஆகும். கற்பீடங்களின் மேல் நிறுத்திய மரத்தூண்களும், அத்தூண்களுக்கு இடையே இதழ் இதழாக விளிம்பு செதுக்கப்பட்ட வளைவுகளும் சேர்ந்து, செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய ஒரு தர்பார் மண்டபத்தின் தோற்றத்தை மரத்தில் எழுப்பிக் காட்டுகின்றன. 1799இல் திப்பு இறந்த பிறகு ஆங்கில ஆட்சியின் தலைமைச் செயலகம் இங்கேதான் இயங்கிற்று. 1868இல் அது அட்டாரா கச்சேரி என்னும் கட்டடத்துக்கு மாறியது. இத்தனை ஆண்டுக்காலக் கோப்புச் சுமைக்கும் மேல்தளம் ஈடுகொடுத்து நின்றது என்பதை நினைவில் கொண்டு பார்ப்பவருக்கு, அந்தச் சுமையைத் தாங்கியது வளைவா, வேறொன்றா என்ற ஐயம் எழுவது இயல்பு.

கட்டடக் கலையில் வளைவு எனப்படுவது, தன்மேல் ஏறும் பாரத்தைத் தன் உடல் வழியே சாய்வாகக் கொண்டுபோய் இரு அடிகளிலும் இறக்கும் உறுப்பு. அப்படி இறக்கும்போது அடிகளைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு நில்லாமல் வெளிப்புறமாகவும் தள்ளும். இந்த வெளித்தள்ளலை எதிர்க்கப் பருத்த சுவரோ, இரு அடிகளையும் சேர்த்துக் கட்டும் இழுகம்பியோ வேண்டும். அரண்மனையின் மெல்லிய தூண்களைப் பார்த்தாலே, அவை அத்தகைய தள்ளலுக்கு எதிராக நிறுத்தப்பட்டவை அல்ல என்பது புலப்படும். தூண்களின் தலைக்கு மேல் கிடையாக ஓடும் உத்தரம் தளத்தின் பாரத்தை எடுத்துக்கொள்ள, வளைவு அதன் கீழே ஒப்பனையாக அமர்ந்திருக்கிறது. இதைக் குறை என்று சொல்வதற்கில்லை. சுமை இல்லாததால்தான் இதழ்களின் நுனியை அவ்வளவு கூராக இழைக்கத் தச்சருக்கு உரிமை கிடைத்தது. சுமை தாங்கும் வளைவில் அந்த நுனிகள் வீண் பாரம்.

மரமும் வளைவும் சேருமிடத்தில் இத்தகைய பாவனை இந்நாட்டில் மிகப் பழையது. மகாராஷ்டிரத்துக் கார்லே குகையில், குடைந்த பாறைக் கூரையின் அடியில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தேக்கு விலாக்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. பாறை தானே தன்னைத் தாங்கிக்கொள்வதால் அவற்றுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, மரத்தால் கட்டிய சைத்தியங்கள் என்னும் பௌத்த வழிபாட்டுக் கூடங்களின் நினைவாகவே அவை பதிக்கப்பட்டன. மாமல்லபுரத்து வீமன் ரதத்தின் கூண்டு வடிவக் கூரையும், பல்லவர் கட்டடங்களின் கபோதம் என்னும் வளைந்த கூரை விளிம்பில் வரிசையாகப் பதிந்திருக்கும் கூடு என்னும் லாட வடிவ அணியும் கல்லில் எழுதப்பட்ட மரக்கூரைகளே. உயிருள்ள மூலத்தைக் காண விரும்புவோர் நீலகிரித் தோதவர் குடிலுக்குப் போகலாம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அந்தக் கூரையில் வளைவு உண்மையாகவே சுமக்கிறது. ஆக, மரத்தைக் கல் நடித்ததும், கல்வளைவை மரம் நடித்ததும் இங்கே நடந்திருக்கின்றன. மூன்றாவதாக ஒரு நடிப்பு இப்போது சேர்ந்திருக்கிறது: கணினித் திரையில் வரையப்படும் மரவளைவு.

வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களில் ஓட்டுக் கூரைக்கு அடியே வெளித்தெரியும் வளைந்த உத்தரங்களையும் ட்ரஸ்களையும் உருவாக்குவது, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சில்லறைத் திறமை. ட்ரஸ் என்பது முக்கோண முக்கோணமாக இணைத்த மரச்சட்டங்களால் ஆன கூரைச் சட்டகம். சீஃப் ஆர்க்கிடெக்ட் போன்ற மென்பொருளில் கூரைத்தளத்தின் கீழ் ட்ரஸ் வரும் இடத்தைக் கோடிட்டால் அதன் வடிவத்தை அதுவே நிரப்பித் தரும். ஆனால் அது தருவது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆணித்தகடு அடித்துச் செய்யப்படும் மெல்லிய சட்டகம், கூரையின் உட்பூச்சுக்கு மேல் மறைந்துகொள்ள வேண்டியது. கண்ணுக்குத் தெரிய வேண்டிய பருத்த வளைவை வரைபவரே, வீட்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் திறந்துவைத்து, மூடிய கோட்டு வடிவமாகக் கையால் வரைந்து தடிமன் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2000இல் வெளிவந்து, 2006இல் கூகிளிடமும் 2012இல் டிரிம்பிளிடமும் கைமாறிய ஸ்கெட்ச்அப்பில் வேலை இன்னும் எளிது: செங்குத்துத் தளத்தில் ஒரு வில், அதற்கு இணையாக இன்னொரு வில், பிறகு அந்தப் பரப்பை இழுத்துத் தடிமனாக்கும் ஓர் அசைவு, உத்தரம் பிறந்துவிடும்.

அந்த எளிமையிலேயே போலி ஒளிந்திருக்கிறது. 6 மீட்டர் அகலமுள்ள கூடத்தில் 1.2 மீட்டர் உயரம் எழும் ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதனோடு உயரத்தின் பாதியைக் கூட்டினால் வில்லின் ஆரம் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. இங்கே அது 4.35 மீட்டர். மேற்சொன்ன மூன்று அசைவுகளில் 20 செ.மீ. ஆழத்தோடு பிறந்த உத்தரத்தை அப்படியே மரத்தில் செய்ய வேண்டுமானால் 1.4 மீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பலகை வேண்டும். அப்படி ஒரு தேக்குப் பலகை கிடைத்தாலும் பயன் இல்லை. மரத்தின் வலிமை அதன் நாரோட்டத்தில், அதாவது நார்கள் நீளவாக்கில் ஓடும் திசையில், இருக்கிறது; நேராக ஓடும் நாரைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வளைவின் அடிப்பகுதியில் விளிம்புக்கும் நாருக்கும் இடையே ஏறத்தாழ 44 பாகைக் கோணம் விழும், அங்கே மரம் நார்வாக்கில் பிளந்துகொள்ளும். திரையில் குற்றமற்றதாகத் தெரியும் அந்த உத்தரம் தச்சரின் கண்ணுக்கு உடைந்த உத்தரம்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த வழிகளின் வரலாறு சுவையானது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் தெலோர்ம் 1561இல் வெளியிட்ட நூலில், நீண்ட பெருமரங்கள் கிடைக்காத காலத்துக்கு ஏற்ற முறை ஒன்றைச் சொன்னார்: குட்டையான பலகைகளை வில்லின் துண்டுகளாக வெட்டி, குத்துவாக்கில் நிறுத்தி, இரண்டு மூன்று அடுக்குகளாகச் சேர்த்து, ஓர் அடுக்கின் மூட்டு அடுத்த அடுக்கின் நடுவில் வருமாறு மாற்றி வைத்து முளையடிப்பது. 1783இல் பாரிஸின் தானியச் சந்தைக்கு ஏறத்தாழ 39 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் இந்த முறையில் எழுந்தது. பெங்களூருவில் ஹைதர் வேலையைத் தொடங்கிவைத்த அதே பத்தாண்டில் என்பது ஓர் இனிய தற்செயல். அந்தக் குவிமாடம் 1802இல் எரிந்துபோனது. எரிவதற்கு முன் அதைக் கண்டு வியந்த தாமஸ் ஜெஃபர்சன் தம் மான்டிசெல்லோ இல்லத்தின் குவிமாடத்தை அதே முறையில் கட்டிக்கொண்டார். இன்னொரு வழி, மெல்லிய நீண்ட பலகைகளைத் தட்டைவாக்கில் வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைப்பது. 1820களில் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் எமி இதைப் போல்ட்டால் பிணைத்தார். வைமாரைச் சேர்ந்த ஓட்டோ ஹெட்சர் 1906இல் பசையால் பிணைத்து வளைந்த உத்தரம் செய்யக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் வளைவின் ஆரம், ஏட்டின், அதாவது ஒவ்வொரு மெல்லிய பலகையின், தடிமனைப்போல் நூறு முதல் இருநூறு மடங்காவது இருக்க வேண்டும், அதனால் 4.35 மீட்டர் ஆரத்துக்கு ஏடு ஏறத்தாழ 22 முதல் 43 மி.மீ. வரைதான் தடிக்கலாம்.

இனித் திரைக்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஸ்கெட்ச்அப்பில் வில் என்று தெரிவது வில்லே அன்று. வேறு எண்ணைக் கேட்காவிட்டால் 12 நேர்கோட்டுத் துண்டுகளை ஒட்டி அந்த மென்பொருள் ஒரு வில்லைக் காட்டிவிடுகிறது. மேற்கண்ட வளைவில் ஒவ்வொரு துண்டின் நடுவும் உண்மையான வில்லிலிருந்து ஏறத்தாழ 9 மி.மீ. விலகி நிற்கும், துண்டுகளை 24 ஆக்கினால் அது இரண்டு மி.மீ. அளவுக்கும், 48 ஆக்கினால் அரை மி.மீ. அளவுக்கும் இறங்கும். பலர் இதைக் குறை என்று கருதி எண்ணை ஏற்றிக்கொண்டே போய்க் கோப்பைக் கனமாக்குகிறார்கள். தெலோர்மின் நூலை அறிந்தவரோ இதில் ஓர் உறவைக் காண்பார்: மரவளைவும் துண்டுகளால் ஆனது, திரைவளைவும் துண்டுகளால் ஆனது. இரண்டின் துண்டுகளையும் இசைவித்துவிட்டால் உருமாதிரி பொய் சொல்வதை நிறுத்திவிடுகிறது.

அந்த இசைவைச் செய்து பார்ப்பதே இக்கலையின் இன்பமான பகுதி. வில்லை ஆறு சம பாகமாக்கினால் ஒவ்வொரு பாகத்தையும் 1.15 மீட்டர் நீளமும் 23.5 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில் வெட்டி எடுக்கலாம். இடிக்கப்பட்ட பழைய பங்களாக்களின் தேக்கிலிருந்துகூடத் தேறக்கூடிய அளவு அது. நாரோட்டக் கோணம் 44 பாகையிலிருந்து 7 பாகை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மென்பொருளில் ஒரே ஒரு துண்டை மட்டும் கவனமாக வரைந்து, அதைக் கம்போனென்ட் ஆக்கி, அதாவது ஒன்றைத் திருத்தினால் எல்லாப் படிகளும் திருந்தும் உறுப்பாக்கி, வில்லின் மையத்தைச் சுற்றி நகலெடுத்துச் சுழற்றினால் முதல் அடுக்கு முடிந்தது. இரண்டாம் அடுக்கை அரைத் துண்டு தள்ளி வைத்தால் ஐந்து முழுத் துண்டுகளும் இரு ஓரங்களில் இரண்டு அரைத் துண்டுகளும் வரும். ஒரே பரப்பாக இழுத்த உத்தரத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கும்போது, மூட்டுக்கோடுகள் மாறி மாறி விழும் அந்தத் தாளமே அழகாகிவிடுகிறது.

வெளித்தள்ளலை மட்டும் இந்த மென்பொருள்கள் தாமாகச் சொல்வதில்லை. உச்சியிலும் இரு அடிகளிலும் கீல் வைத்த வளைவின் மேல் சுமை சீராகப் பரவியிருந்தால், வெளித்தள்ளலின் அளவை எளிதாகக் கணக்கிடலாம்: உயரம் அகலத்தில் ஐந்தில் ஒன்றாக உள்ள நம் வளைவில் அது மொத்தச் சுமையின் எட்டில் ஐந்து பங்கு. 800 கிலோ ஏறினால் ஒவ்வோர் அடியும் கீழே 400 கிலோவும் பக்கவாட்டில் 500 கிலோவும் சுவரின்மேல் செலுத்தும். அழுத்துவதைவிடத் தள்ளுவது மிகுதி. பல உள்ளலங்காரப் படங்களில் ஒன்பது அங்குலச் சுவரின் தலையில் இத்தகைய வளைவு இழுகம்பி எதுவும் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும். கம்பி பார்வையைக் கெடுக்கும் என்று அதை நீக்கியவரின் ரசனையைப் பாராட்டுவது கடினம். நீக்குவதாயிருந்தால் திப்புவின் தச்சர்களைப் போல மேலே ஒரு கிடையுத்தரத்தை ஓடவிட்டு, வளைவைச் சுமையிலிருந்து விடுவித்துவிடுவது நாணயமான வழி.

ட்ரஸ்ஸிலும் இப்படி ஒரு நுட்பமான சோதனை உண்டு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே பரவிய மங்களூர் ஓடு, பெங்களூரு வீடுகளின் கூரைகளையும் ஆண்டது. 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் மக்கள் பெருமளவில் குடியேறிய பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகளில் எஞ்சிய பழைய வீடுகளில் அதன் கீழே கைமரங்களையும் ரீப்பர்களையும் காணலாம். பெரிய அகலங்களில் இத்தகைய கூரையைத் தாங்குவது நடுக்கால் ட்ரஸ்: இரண்டு சாய்சட்டங்கள், அவற்றின் அடிகளைக் கட்டும் ஒரு விட்டம், உச்சியிலிருந்து விட்டத்தின் நடுவுக்கு இறங்கும் ஒரு கால். கால் என்ற பெயரை நம்பி, அது விட்டத்தின்மேல் நின்று உச்சியைத் தாங்குவதாகவே பெரும்பாலோர் வரைகிறார்கள். உண்மை தலைகீழ். சாய்சட்டங்கள் இரண்டும் உச்சியில் காலின் தலையை இறுகப் பற்றிக்கொள்ள, கால் தொங்கிக்கொண்டு, விட்டத்தின் நடு தொய்ந்துவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் நல்ல வேலைப்பாட்டில் காலின் அடியை விட்டத்தோடு சேர்க்க, விட்டத்தின் கீழே சுற்றிவரும் இரும்புப் பட்டை போடப்படுகிறது. ஒரு கணினி உருமாதிரியில் அந்தப் பட்டை இருந்தால், அதை வரைந்தவர் ட்ரஸ்ஸைப் புரிந்துகொண்டவர் என்று நம்பலாம். மற்ற எல்லா அழகுகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மங்கி டாப் எனப்படும், பெங்களூரு பங்களாக்களின் சன்னல்களுக்கு மேல் கூராக நீளும் மரப்பின்னல் முகப்புகளை இந்த அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை. அவை எதையும் சுமப்பதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை.

மரத்தின் தோற்றத்தை உருமாதிரிக்கு ஏற்றும் கடைசிக் கட்டத்திலும் கண் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது. மென்பொருள் தரும் தேக்கு வண்ணத்தை வளைவின்மேல் ஒட்டினால் ரேகைகள் வளைவைப் பொருட்படுத்தாமல் நேராக ஓடும். இல்லாத அந்த 1.4 மீட்டர் பலகை மீண்டும் திரையில் வந்து உட்காரும். துண்டுதோறும் ரேகையை அதனதன் நீளவாக்கில் திருப்பிவைப்பவர், ஏடுகளால் ஆன வளைவாயின் விளிம்போடு வளைந்து செல்ல விடுபவர், எந்த வகை வளைவை வரைகிறோம் என்று அறிந்து வரைபவர். 1938இல் மைசூர் அரசின் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி இன்று மல்லேஸ்வரத்தில் இயங்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், கட்டட மரங்களுக்கான ஐ.எஸ். 883 என்னும் இந்தியத் தர விதியும் மரவகைதோறும் வலிமையைப் பேசும்போது இந்த நாரோட்டத்தையும் கணக்கில் கொள்கின்றன. துண்டு துண்டாக வரைந்த உருமாதிரியிலிருந்து ஒரே ஒரு துண்டின் வடிவத்தை முழு அளவில் அச்சிட்டுப் பிளைவுட்டில் ஒட்டி அறுத்தெடுத்தால், முழுத் துண்டுகளான பதினொன்றுக்கும் அதுவே அச்சு. நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் ஓரத்து இரண்டு அரைத் துண்டுகளையும் ஆசாரி அதே அச்சில் குறித்துக்கொள்வார்.