வெறும் கார் அல்ல: உடைமை, தூய்மை, மறதி

1

அமெரிக்காவின் போர்ஷே கார் உரிமையாளர் கிளப்புக்கு ஒரு வாசகம் உண்டு. 'இது வெறும் கார்களைப் பற்றியது அல்ல, மனிதர்களைப் பற்றியது' என்று அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். பிராந்தியக் கிளைகளின் ஏடுகளிலும் புதிய உறுப்பினரை வரவேற்கும் பேச்சுகளிலும் இந்த வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்பதே இங்கு நோக்கம்.

பணம் இருக்கிறவன் வண்டி வாங்குகிறான், ஞாயிற்றுக்கிழமை ஓட்டி விளையாடுகிறான், இதுல வாசிக்கறதுக்கு என்ன இருக்கு என்று கேட்கலாம். 1957-ல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் ரொலான் பார்த் ஒரு சித்ரோயன் காரை எடுத்துக்கொண்டு, கோத்திக் தேவாலயங்கள் ஒரு காலத்துக்கு எதுவாக இருந்தனவோ அதுவாகவே கார் நம் காலத்துக்கு இருக்கிறது என்று வாதிட்டார். ஆனால் அவர் பார்த்தது கண்காட்சியில் நின்ற கார். கூட்டம் அதைத் தொட்டுப் பார்க்கிற கணத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், அப்புறம் ஒன்றுகூடி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் வைத்து ஒரு சபையாக மாறுவதைப் பார்த் எழுதவில்லை. தேவாலயத்தை மட்டும் எழுதி, சபையை விட்டுவிட்டார் எனலாம். நாம் சபையைப் பார்ப்போம்.

2

1955 செப்டம்பரில் வாஷிங்டன் நகரில், பில் ஷோலர் என்ற வணிக ஓவியரின் முயற்சியில், உணவகம் ஒன்றில் கூடிய சிறு குழுதான் இந்தக் கிளப்பின் தொடக்கம். (அதே மாதம் 30-ஆம் தேதி, நடிகர் ஜேம்ஸ் டீன் கலிபோர்னியாவில் தன் போர்ஷே 550-ஐ ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தார். சங்கமும் தொன்மமும் ஒரே மாதத்தில் பிறந்தன.) அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'பனோரமா' என்ற ஏடு வெளிவந்துவிட்டது. இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களும் 140-க்கு மேற்பட்ட பிராந்தியக் கிளைகளும் இருக்கின்றன. தொடங்கிய இடத்தைச் சேர்ந்த பொட்டோமாக் கிளை தன்னை 'நிறுவனர்களின் பிராந்தியம்' என்று அழைத்துக்கொள்கிறது. அதன் ஏட்டுக்குப் பெயர் 'டேர் ஃபோர்கேங்கர்'. முன்னே சென்றவர், முன்னவர் என்று பொருள்படும் ஜெர்மன் சொல். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிளையின் ஆண்டு எப்படிப் போகிறது? சனிக்கிழமை காலைகளில் காபிக் கூட்டம். மலைப்பாதைகளில் வரிசையாகப் போகும் உலா. ஒரு பட்டறையில் எல்லோரும் கூடி நின்று பிரேக் மாற்றக் கற்றுக்கொள்ளும் வகுப்பு. வெறும் வாகன நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கி, ஒவ்வொருவராகக் கடிகாரத்துக்கு எதிராக ஓட்டும் ஆட்டோகிராஸ். பந்தயத் தடத்தில் ஓட்டுநர் பயிற்சி. கோடையில் காரின் அழகுப் போட்டி. ஆண்டு முடிவில் விருந்தும் கேடயங்களும்.

இதையெல்லாம் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். தள்ளக்கூடாது. கூம்பு அடுக்குகிறவர், ஏடு தயாரிக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் யாரும் கிளையில் சம்பளம் வாங்குவதில்லை. பயிற்சித் தடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மணிக்கு நூறு மைலுக்கு மேல் போகும் வண்டியில் 'இப்ப பிரேக், இப்ப திருப்பு' என்று சொல்லிக்கொடுப்பவரும் தொண்டர்தான். தன் உயிரைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்துகிறார். இதைப் பூர்தியூவின் 'பண்பாட்டு மூலதனம்' என்ற கருத்தாக்கத்துக்குள் முழுக்க அடைத்துவிட முடியாது. ராபர்ட் பட்னம் 2000-ல் எழுதிய 'தனியே பந்துருட்டல்' நூலில், அமெரிக்காவில் சங்கங்கள் தேய்ந்து மனிதர்கள் தனித்தனியாகிப் போனதைப் பதிவு செய்தார். அப்படித் தனித்துப்போன புறநகரில், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாத ஒருவருக்கு நாற்பது பேரின் பெயர் தெரிகிறது என்றால் அது சின்ன விஷயமல்ல. 'மனிதர்களைப் பற்றியது' என்கிற வாசகத்தில் உண்மை இருக்கிறது.

கேள்வி, அந்த மனிதர்கள் எப்படி மனிதர்களாக ஆகிறார்கள் என்பது.

3

உறுப்பினராக வேண்டுமானால் போர்ஷே வேண்டும். சொந்தமாகவோ, கூட்டாகவோ, குத்தகைக்கோ உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும். அதைப் பழுதுபார்க்கத் தெரிவதும், அதன் சரித்திரம் தெரிவதும், அதை வடிவமைத்ததும்கூடத் தகுதியாகாது. வாசகத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்ட கார், விண்ணப்பத்தில் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. 'வெறும்' என்ற சொல் செய்கிற வேலை இதுதான்: எதை மறுப்பதுபோல் தோன்றுகிறதோ, அதன்மீதே மொத்தக் கட்டுமானத்தையும் நிறுத்தி வைக்கிறது. பண்டங்களின் மாய வழிபாடு பற்றி மார்க்ஸ் சொன்னபோது, மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவின் வடிவத்தை எடுப்பதைச் சுட்டினார். இங்கே அடுத்த கட்டம். பொருளின் உறவு திரும்பவும் 'வெறும் மனித உறவு' என்ற வேடம் போட்டுக்கொண்டு வருகிறது.

1950-களில் எதிரே ஒரு போர்ஷே வந்தால் விளக்கை மின்னி வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அந்த வணக்கத்திலிருந்துதான் கிளப்பே பிறந்தது என்று சொல்லலாம். அதே சாலைகளில் அதே ஆண்டுகளில் இன்னொரு பிரதி பயணம் செய்துகொண்டிருந்தது. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-ல் தொடங்கி, 1960-களின் நடுப்பகுதி வரை வெளிவந்த 'பச்சைப் புத்தகம்'. காரில் போகும் கறுப்பினப் பயணி எந்த ஊரில் சாப்பிடலாம், எங்கே படுக்கலாம், எங்கே முடிவெட்டிக்கொள்ளலாம் என்ற பட்டியல். வாஷிங்டனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வர்ஜீனியா. அங்கே நிறப் பிரிவினை அப்போது சட்டம். கிளப் யாரையும் நிறம் பார்த்து ஒதுக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. காரணமின்றி, இன்பத்துக்காக மட்டும் ஓட்டுவது என்பதே எல்லோருக்கும் கிடைத்த ஒன்றல்ல என்கிறேன். ஒருவருக்குச் சாலை விளையாட்டுத் திடல். இன்னொருவர் அதே சாலையில் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்த முடியும். இரண்டு பேரிடமும் கார் இருக்கிறது.

4

கிளப் வாழ்வின் சடங்குகளில் உச்சமானது அழகுப் போட்டி. புல்வெளியில் கார்கள் நிற்கும். நடுவர்கள் வெளிப்புறம், உட்புறம், சாமான் வைக்கும் இடம், எஞ்சின் பகுதி என்று பிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். அழுக்குக்கு மதிப்பெண் குறையும். மூலத்தில் இல்லாத ஒரு திருகுக்கும் குறையும். முதல் நாள் இரவு பல் துலக்கும் பிரஷ், காதுக்குப் பஞ்சு சுற்றிய குச்சி என்று வைத்துக்கொண்டு சக்கரத்தின் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சில கார்கள் ஓட்டி வரப்படுவதே இல்லை, இன்னொரு வண்டியின் பின்னால் இழுவை மேடையில் ஏற்றிக் கொண்டுவரப்படும். 'டிரெய்லர் ராணி' என்று சக உறுப்பினர்களே கேலி செய்வார்கள். ஓடுவதற்காகப் பிறந்த பொருள் ஓடாமல் இருப்பதன் மூலம் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அழுக்கு என்பது என்ன? காரைப் பொறுத்தவரை அழுக்குதான் வரலாறு. எந்த மண்ணில் போனது, எத்தனை மழை பட்டது என்பதை அது சொல்லும். போட்டி அந்த வரலாற்றைத் துடைத்துவிட்டு, தொழிற்சாலை வாசலில் நின்ற கணத்தை மட்டும் மீட்கிறது. பழைய பூச்சைத் தொடாமல் விடும் 'பாதுகாப்பு' வகுப்பு என்றும் ஒன்று உண்டுதான். அதிலும் மதிக்கப்படுவது மூலப் பூச்சே. எஞ்சினில் பொறித்த எண்ணும் ஆலைப் பதிவேட்டிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் காரின் விலை எங்கேயோ போய்விடும். மூலம், அசல், கலப்பில்லாதது. இவைதான் இந்தச் சொல்லாடலின் புனிதச் சொற்கள்.

கலப்பு குறித்த முணுமுணுப்பும் இங்கே பழசு. 1969-ல் வோக்ஸ்வாகனோடு சேர்ந்து செய்த 914 'உண்மையான போர்ஷேயா?' 1976-ல் எஞ்சினை முன்னால் வைத்து வந்த 924? 1998-ல் காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட 911 முடிவுக்கு வந்து நீரால் குளிர்வது வந்ததே, அது? 2002-ல் வந்த கேயென்? 2019-ல் வந்த மின்சார டைக்கான்? ஒவ்வொரு முறையும் எல்லைக்கோடு அழித்து வரையப்பட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1948-ல் ஆஸ்திரியாவின் க்முண்ட் ஊரில் உருவான முதல் 356-ஏ வோக்ஸ்வாகன் உதிரிப்பாகங்களால் கட்டப்பட்டது. அந்த வோக்ஸ்வாகனை (நாம் பீட்டில் என்று அறிந்த வண்டியை) 1930-களில் வடிவமைத்ததும் ஃபெர்டினாண்ட் போர்ஷேவின் அலுவலகம்தான். ஆக, மூலத்தைத் தோண்டிக்கொண்டே போனால் கிடைப்பது கலப்பு. தூய்மை அதற்கப்புறம் எழுதிச் சேர்த்தது.

5

இப்போது 'முன்னவர்' என்ற சொல்லுக்குத் திரும்பலாம்.

1931-ல் ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே நிறுவனம் தொடங்கப்பட்டபோது மூன்று பேர் பங்குதாரர்கள். ஃபெர்டினாண்ட் போர்ஷே, அவருடைய மருமகன் அன்டன் பீயெக், அடால்ஃப் ரோசன்பர்கர். மூன்றாமவர் பந்தய ஓட்டுநர். தொடக்க காலத்தில் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர், வணிகப் பொறுப்பைப் பார்த்தவர். யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1935-ல் தன் 10 விழுக்காட்டுப் பங்கைப் பெயரளவு விலைக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு கைதாகி கிஸ்லாவ் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையாகி, பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் ஆலன் ராபர்ட் என்ற பெயரில் வாழ்ந்தார். நிறுவனமோ போர்க்காலத்தில் கட்டாய உழைப்பைப் பயன்படுத்தி வளர்ந்தது. போருக்குப் பின் ரோசன்பர்கர் வழக்குத் தொடுத்தார். 1950-ல் சமரசம். 50,000 மார்க், கூடவே ஒரு கார். போர்ஷே 356 அல்லது வோக்ஸ்வாகன் பீட்டில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அவர் பீட்டிலை எடுத்துக்கொண்டார். டேவிட் டி யோங் 2022-ல் வெளியிட்ட 'நாஜி கோடீஸ்வரர்கள்' நூல் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. ரோசன்பர்கர் 1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார்.

அவர் ஏன் பீட்டிலைத் தேர்ந்தார் என்று நாம் ஊகிக்க வேண்டாம். விண்ணப்பப் படிவத்தை மட்டும் பார்ப்போம். அந்த பீட்டிலை ஓட்டிக்கொண்டு அவர் ஒரு கிளைக் கூட்டத்துக்கு வந்திருந்தால், 'உங்களிடம் போர்ஷே இருக்கிறதா?' என்ற முதல் கேள்வியிலேயே நின்றிருப்பார். நிறுவனத்தை நிறுவிய மூவரில் ஒருவருக்கு, நிறுவனத்தின் பெயரால் கூடும் சபையில் இடமில்லை. அவரிடம் இல்லாதது கார். அதைவிட முன்பே பறிபோனது உடைமை. உடைமையைப் பறித்தது ஒரு வரலாறு. உடைமை இல்லாததால் உறுப்பினராக முடியாது என்பது ஒரு விதி. விதிக்கு வரலாறு தெரியாது.

கிளப் இதை மறைத்தது என்பதல்ல என் குற்றச்சாட்டு. கிளையின் ஏடு ஒன்றில் யாராவது நாளைக்கே ரோசன்பர்கரைப் பற்றி அருமையாக எழுதலாம். பிரச்சினை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. மூலத்துக்காக இவ்வளவு மெனக்கெடும் ஒரு பண்பாடு, மூலத்தை எண்களாகவும் பூச்சாகவும் திருகுகளாகவும் மட்டுமே பதிவு செய்யக் கற்றிருக்கிறது. 1956-ல் எந்த நிறத் தோல் இருக்கையோடு ஒரு கார் ஆலையை விட்டு வெளியே வந்தது என்பதற்குச் சான்றிதழ் கிடைக்கும். அந்த ஆலையின் பங்கு யார் கையிலிருந்து யார் கைக்கு, என்ன விலைக்கு, எந்தச் சட்டத்தின் நிழலில் போனது என்பதற்கு நடுவரின் தாளில் கட்டம் கிடையாது. பஞ்சுக் குச்சி போக முடியாத இடுக்கு அது.

6

வால்டர் பெஞ்சமின் 1931-ல் தன் புத்தகச் சேகரிப்பைப் பற்றி எழுதியபோது, பொருளோடு கொள்ளக்கூடிய உறவுகளில் மிக நெருக்கமானது உடைமை என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய சேகரிப்பாளனுக்குப் பொருள் கைமாறி வந்த கதையெல்லாம் தெரியும்; அந்தக் கதையே பொருளின் மந்திரம். அவரும் நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும் வழியில் 1940-ல் இறந்தவர். கார்க் கிளப்பின் சேகரிப்பாளரும் கைமாறிய கதையைத் தேடுகிறவர்தான், முதல் உரிமையாளர் யார், இரண்டாமவர் யார் என்று. முதல் உரிமையாளருக்கு முன்னால் வரும்போது மட்டும் அந்தத் தேடல் நின்றுவிடுகிறது.

'மனிதர்களைப் பற்றியது' என்ற வாசகத்தை எதிர்த்து வைக்க நம்மிடம் வேறு வாசகம் இல்லை. அதையே அவர்கள் மெய்யாக எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் கேட்க முடியும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அறியாதவன் கையில் உயிரைக் கொடுக்கத் துணிகிற ஒரு சபைக்கு இது முடியாத காரியமல்ல. அதற்கு முதலில், கார் இல்லாமல் வந்து நிற்கும் ஒரு முன்னவரை என்ன சொல்லி உள்ளே அழைப்பது என்று அது யோசிக்க வேண்டியிருக்கும்.